பீரோவில் கிடந்த ஜனதா

கேள்வி: அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா வாட்ச் பல வருடம் பீரோவில் கிடந்தது. சாவி கொடுத்தால் ஓடுகிறது. ஆனால் நாளுக்கு அரை மணி நேரம் முந்துகிறது. தேறுமா?
(வாசகி, திருச்சி)

பதில்: தாராளமாகத் தேறும். இவ்வளவு முந்தினால் முதல் சந்தேகம் காந்தம்தான். ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்திருந்தாலே போதும். ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஸ்பிரிங்கின் நீளம் குறைந்ததுபோல் ஆகி, நொடிக்கு 5 முறை அடிக்க வேண்டிய பேலன்ஸ் சக்கரம் அவசரப்படும். காந்தம் நீக்கும் கருவி நொடிகளில் சரிசெய்துவிடும். அதோடு விடாதீர்கள். பழைய எண்ணெய் பிசினாகியிருக்கும். முழுக்கப் பிரித்து, கழுவி, புது எண்ணெய் போடச் சொல்லுங்கள். பிரிக்காமலே எண்ணெய் விட்டுத் தருபவரிடம் கொடுக்கவே வேண்டாம். எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்துவிட்டதால், உதிரிபாகத்துக்குப் பெரும்பாலும் இன்னொரு பழைய ஜனதாவைத்தான் பலிகொடுக்க வேண்டும். டயலுக்குப் புதுப் பெயின்ட் அடிக்கட்டுமா என்பார்கள், மறுத்துவிடுங்கள்.