பழைய கதவு, நிலை, யன்னல்: விறகாக்குவதற்கு முன் பாருங்கள்

ஊர் திரும்பிய பல குடும்பங்கள் வளவைத் துப்புரவாக்கும்போது, கறுத்து வெடித்துப்போன கதவுகளையும் நிலைகளையும் கழற்றி அடுப்புக்கு வைத்துவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். வெயிலிலும் மழையிலும் நின்ற மரம் மேலே சாம்பல் நிறமாகி இருக்கும். உள்ளே வைரம் பழுதில்லாமல் இருக்கக்கூடும். திருத்த வேலைக்கு இருக்கிற காசுக்குள் கூரையும் தளமும் பார்க்க வேண்டும். இருக்கிற நிலையைக் காப்பாற்றினால் அந்தக் காசு மிச்சம்.

முதலில் பாதுகாப்பு. கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட வளவென்றாலும், விழுந்த கூரைக் குவியலுக்குள்ளோ கதவுக்குப் பின்னாலோ வெடிபொருள் கிடக்கலாம். இன்னதென்று தெரியாத இரும்புப் பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். மரத்தில் சன்னம் பட்ட துளைகள் இருந்தால் நீங்களே தோண்டி எடுக்க முயல வேண்டாம்.

இனி மரத்தைச் சோதிப்போம். நீளமான ஆணி ஒன்றால் நிலையின் அடியில், சீமெந்தைத் தொடும் இடத்தில், குத்திப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் உக்கும். ஆணி இலேசாக இறங்கினால் அந்தப் பகுதி போய்விட்டது. மேலே கையால் தட்டும்போது கோறைச் சத்தம் கேட்டால் கறையான் தின்றிருக்கும். அடியில் ஒரு அடி மட்டும் பழுதென்றால் முழு நிலையையும் மாற்றத் தேவையில்லை. தச்சர் அதை அறுத்துவிட்டு வேறு துண்டு பொருத்துவார். கூரையின் பனஞ்சிலாகைகளையும் இப்படியே சோதியுங்கள். புதிதாகப் பனை தறிப்பதென்றால் அனுமதி வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். பழைய மெத்தை வீடாயின், மேல்தளப் பலகையில் ஏறுவதற்கு முன் கீழே நின்று வளைகளைப் பாருங்கள்.

பழைய பெயின்டில் கவனம் தேவை. பெயின்டில் ஈயத்துக்கான சட்ட வரையறை இலங்கையில் 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் கதவு அதற்கு முந்தியது. ஈயம் சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே பெயின்டை நெருப்பால் சுட்டு எடுக்காதீர்கள், பெயின்ட் அடித்த மரத்தை அடுப்பில் எரிக்கவும் வேண்டாம். மரத்தைத் தண்ணீரால் நனைத்து, ஈரமாகவே தேயுங்கள். வாயையும் மூக்கையும் துணியால் மூடுங்கள். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வராமல் பாருங்கள். உதிர்ந்ததைக் கிணற்றுக்குத் தூரமாகப் புதையுங்கள்.

தேய்த்த மரம் நன்றாகக் காய்ந்த பிறகு லின்சீட் எண்ணெயைத் துணியால் மெல்லியதாகப் பூசி, மிஞ்சியதைத் துடைத்து, காய்ந்ததும் இன்னொரு முறை பூசுங்கள். தேங்காயெண்ணெய் காயாது, தூசிதான் ஒட்டும். கழிவொயில் கறையானுக்கு நல்லதென்று சொல்வார்கள். ஆனால் பிள்ளைகள் கை வைக்கிற கதவுக்கு அது கூடாது. இந்த வேலைக்குத் தச்சர் தேவையில்லை. தனியே குடும்பத்தைப் பார்க்கும் பெண்களும் ஒரு கதவை முடித்துவிடலாம்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப் போடுங்கள்.