டயப்பரா, துணியா? அப்பாயி கட்சியும் அம்மா கட்சியும்

குழந்தை பிறந்த வீடுகளில் இரண்டு கட்சி உண்டு, சேலத்துச் சூரமங்கலமும் விலக்கல்ல. அப்பாயிக்குப் பழைய வேட்டியைக் கிழித்த துணிதான் வேண்டும். ராத்திரி நாலு முறை எழுந்து ஈரத்துணி மாற்றும் அம்மாவுக்கு மருந்துக்கடை டயப்பர்தான் தெய்வம். இரு கட்சியும் சொல்வதில் பாதி சரி. மற்ற பாதியைப் பார்ப்போம்.

நம்பிக்கை: டயப்பர் போட்டால் கால் வளைந்துவிடும்.

பிறக்கும்போதே கால் வளைந்துதான் இருக்கும். வயிற்றுக்குள் மடங்கிக் கிடந்த கால் அது. நடை பழகி, ஒன்றரை இரண்டு வயதில் தானாக நிமிரும். அதன் பிறகும் வளைவு கூடினால் வைட்டமின் டி குறைவா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். உண்மையில் கெடுதல் செய்வது, கால் நேராகட்டும் என்று இரண்டு காலையும் நீட்டிச் சேர்த்து இறுக்கிச் சுற்றுவதுதான். இடுப்பு மூட்டு சரியாக அமைய, கால் தவளைக்கால்போல் விரிந்து மடங்க இடம் வேண்டும்.

நம்பிக்கை: ஆண் குழந்தைக்கு டயப்பர் போட்டால் பின்னாளில் பிள்ளை பிறக்காது.

இதற்கு வேர் ஒன்று இருக்கிறது. 2000இல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்று 48 ஆண் குழந்தைகளைப் பார்த்தது. பிளாஸ்டிக் உறை உள்ள டயப்பருக்குள் விதைப்பையின் வெப்பம் துணியில் இருப்பதைவிடக் கூடுதல் என்றது. அளந்தது வெப்பத்தை மட்டுமே. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து தகப்பன் ஆனார்களா என்பதை அது பார்க்கவில்லை. மலட்டுத்தன்மை வாட்ஸ்அப்பில் சேர்ந்த சரக்கு. ஆனாலும் சித்திரை வெயிலில் பகல் முழுக்கப் பிள்ளையை டயப்பரில் கட்டிவைக்க எந்த நியாயமும் இல்லை. வேர்க்குரு ஒன்றே போதும்.

நம்பிக்கை: டயப்பர்தான் புண்ணாக்கும், துணி புண்ணாக்காது.

புண் வருவது ஈரத்தாலும் உராய்வாலும். மூத்திரமும் மலமும் சேர்ந்தால் தோலின் அமிலத்தன்மை குறையும். மலத்திலுள்ள நொதிகள் ஊறிய தோலை அரிக்கும். பிறகு பூஞ்சை குடியேறும். நனைந்த துணியை மாற்றாமல் விட்டாலும் இதே கதைதான். டயப்பர் புண்ணைத் தடுக்கிறதா என்று 2006இல் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் குழு, ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லப் போதிய சான்று இல்லை என்று கைவிரித்தது. விளம்பரம் சொல்லும் 12 மணி நேரம், அது எவ்வளவு ஈரம் தாங்கும் என்ற கணக்கு. மலம் போனால் அந்த நிமிடமே மாற்ற வேண்டும்; மூத்திரத்துக்கு இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை.

துணிக் கட்சி கவனிக்காத இடம் துவைக்கும் வாளி. கடைசி அலசலில் ஒரு மூடி டெட்டால், வாசனைக்குக் கொஞ்சம் கம்ஃபர்ட் என்று ஊற்றுவார்கள். டெட்டால் மிச்சம் பச்சைத் தோலை எரிக்கும். கம்ஃபர்ட் நூலில் படிந்து துணி ஈரம் உறிஞ்சுவதைக் குறைக்கும். சோப்பு நுரை போக இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி, உச்சி வெயிலில் மொடமொடவென்று காயவைத்தால் போதும். அந்திக்கு மேல் குழந்தைத் துணி கொடியில் கிடந்தால் பட்சி தோஷம் என்பார் அப்பாயி. தோஷத்தை விடுங்கள், இருட்டும் முன் எடுத்துவிட்டால் பனி ஈரமும் பூச்சியும் ஏறாது.

துணிக்கு ஒரு பெரிய வசதி உண்டு. பிறந்து ஐந்தாறு நாளுக்குப் பிறகு பிள்ளை நாளுக்கு ஆறு முறையாவது மூத்திரம் போக வேண்டும். பால் போதுகிறதா என்பதற்கு வீட்டில் தெரியும் கணக்கு அதுதான். துணியில் எண்ணலாம். டயப்பர் மறைத்துவிடும்.

நம்பிக்கை: துணி என்றாலே சுற்றுச்சூழலுக்கு நல்லது, டயப்பர் மட்க 500 ஆண்டு.

500 ஆண்டை யாரும் இருந்து பார்க்கவில்லை. பாம்பர்ஸ் வந்ததே 1961இல். ஆனால் அதன் பிளாஸ்டிக் எளிதில் மட்காது என்பது உண்மை. பிரிட்டனில் 2008இல் போட்ட கணக்கில், இரண்டரை வயதுவரை ஒரு குழந்தைக்குக் கரியமில வாயு டயப்பரால் சுமார் 550 கிலோ, துணியால் 570 கிலோ. காரணம் வெந்நீரும் மின் உலர்த்தியும். இயந்திரம் நிறையப் போட்டுத் துவைத்து, கொடியில் காயவைத்து, அதே துணியை அடுத்த குழந்தைக்கும் வைத்துக்கொண்டால் துணியின் கணக்கு 40 சதவீதம் இறங்கியது. 2023இல் வந்த புதிய கணக்கிலும் துணிக்கே சாதகம், சுமார் 25 சதவீதம். சேலத்து வெயில் இங்கே காசில்லாமல் கிடைக்கிறது. ஆனால் குழாயில் நாள்தோறும் தண்ணீர் வராத தெருவில், பச்சை உடம்புக்காரி தினம் இருபது துணி அலச வேண்டும் என்று சட்டம் போடுவது அநியாயம். துவைக்க ஆள் இருந்தால் பகலில் துணி, ராத்திரிக்கும் பயணத்துக்கும் டயப்பர். இதுதான் என் தீர்ப்பு. செலவையும் பாருங்கள்: டயப்பர் ஒன்று 10 ரூபாய் என்று வைத்தாலும், நாளுக்கு ஆறு போட்டால் மாதம் 1,800 ரூபாய்.

நம்பிக்கை: பால்குடிப் பிள்ளையின் மலம் சுத்தமானது, சுருட்டி வீசினால் போதும்.

அந்த மலத்திலும் வயிற்றுப்போக்குக் கிருமிகள் இருக்கலாம். துணியோ டயப்பரோ, மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டுத்தான் மற்றது. டயப்பரைக் கழிப்பறைக்குள் போட்டால் அதிலுள்ள ஜெல் ஊதி அடைத்துக்கொள்ளும். சாக்கடையில் எறிந்தாலும் அதே. திடக்கழிவு விதிகள் டயப்பரைச் சுகாதாரக் கழிவு என்கின்றன. சுற்றித்தான் கொடுக்க வேண்டும். சுற்றாத டயப்பர் மற்ற குப்பையோடு கலந்தால், அதைப் பிரிப்பது தூய்மைப் பணியாளரின் கை. ஒரு பழைய செய்தித்தாளில் இறுகச் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி போட்டு, காலையில் வண்டி வரும்போது தனியாக நீட்டுங்கள்.