பயன்படுத்திய எஞ்சின் எண்ணெய்: சேமிப்பும் போக்குவரத்தும்

வண்டி பழுதுபார்க்கும் கடைகளில் எஞ்சினிலிருந்து வடித்தெடுக்கும் கறுத்த எண்ணெயை 'வேஸ்ட் ஆயில்' என்றே நாம் எல்லோரும் சொல்கிறோம். சட்டம் அவ்வாறு சொல்வதில்லை. 2016-ஆம் ஆண்டு இந்திய அரசு வெளியிட்ட அபாயகரக் கழிவு விதிகள் இதற்கு இரண்டு பெயர்களை வைத்திருக்கின்றன. எஞ்சின், கியர், டிரான்ஸ்பார்மர் முதலியவற்றில் உழைத்து வெளிவந்து, மறுசுத்திகரிப்புக்கு ஏற்ற நிலையில் உள்ள எண்ணெய் 'பயன்படுத்திய எண்ணெய்' எனப்படும். சிந்திய எண்ணெய், தொட்டியடிச் சேறு, நீரோடு கலந்த குழம்பு போன்றவை 'கழிவு எண்ணெய்' எனப்படும். முன்னது மீண்டும் மசகு எண்ணெயாகலாம். பின்னதை, குறித்த வரம்புக்குள் இருந்தால், உலையில் எரிக்கலாம், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் நல்ல எண்ணெய் கெடுவது எஞ்சினுக்குள் என்பதைவிட, கடையின் மூலையில் நிற்கும் பீப்பாய்க்குள்ளும் அதை ஏற்றிச் செல்லும் வண்டிக்குள்ளும் என்பேன். அதன் காரணத்தை இக்கட்டுரையில் கூற விரும்புகிறேன்.

எண்ணெய் ஓடி ஓடித் தேய்ந்துவிடுகிறது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. மசகு எண்ணெயின் பெரும்பகுதி நீண்ட கார்பன் சங்கிலிகளும் வளையங்களும் கொண்ட ஹைட்ரோகார்பன்களின் கலவையாகும். இதனுடன் துத்தநாகமும் பாஸ்பரசும் கந்தகமும் அடங்கிய தேய்மானத் தடுப்பி, கால்சியம் உப்புகளாலான அழுக்கு நீக்கி முதலிய கூட்டுப் பொருள்களைச் சேர்க்கிறார்கள். உழைப்பில் பெரிதும் செலவாவன இக்கூட்டுப் பொருள்களே. அடிப்படை எண்ணெயில் ஒரு சிறு பகுதி ஆக்சிஜனோடு சேர்ந்து அமிலமாகவும் பிசினாகவும் மாறுகிறது. எஞ்சியது கரித்தூளையும் உலோகத் துகள்களையும் எரியாத பெட்ரோலையும் சிறிது நீரையும் சுமந்துகொண்டு அப்படியே இருக்கிறது. கறுப்பைக் கண்டு நாம்தான் மிரண்டுவிடுகிறோம். அழுக்கைத் தன்னுள் தாங்கி நிற்பதும் நல்ல எண்ணெயின் வேலைகளுள் ஒன்று.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு கணக்குச் சொல்கிறது. ஏறத்தாழ 2.4 லிட்டர் மசகு எண்ணெய் பெற 159 லிட்டர் கச்சா எண்ணெய் வேண்டும்; பயன்படுத்திய எண்ணெயிலிருந்து அதைப் பெற 3.8 லிட்டர் போதும். இந்த ஒப்பீட்டில் சற்று மிகை உண்டு என்பது என் கருத்து. கச்சா எண்ணெயின் மீதிப் பகுதி வீணாவதில்லை. பெட்ரோலாகவும் டீசலாகவும் போகிறது. ஆயினும் 3.8-க்கு 2.4 என்பது சிறிய விளைச்சல் அன்று.

மறுசுத்திகரிப்பு ஆலையில் நடப்பது தெரிந்தால் பீப்பாயில் எதைச் சேர்க்கக் கூடாது என்பது தானே விளங்கும். முதலில் எண்ணெயைத் தொட்டியில் தங்கவிட்டு, அடியில் சேரும் நீரையும் சேற்றையும் பிரிப்பார்கள். பிறகு சூடேற்றி, எஞ்சிய நீரையும் பெட்ரோல் போன்ற இலேசான பொருள்களையும் ஆவியாக்கி நீக்குவார்கள். அதன்பின் வெற்றிடத்தில் காய்ச்சி வடித்தல். சாதாரணக் காற்றழுத்தத்தில் கொதிக்க வைத்தால் நீண்ட மூலக்கூறுகள் முறிந்துவிடும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் தாழும். மூலக்கூறுகள் முறியாமல் ஆவியாகும். உலோகமும் கரியும் பழைய கூட்டுப் பொருள்களும் அடியில் தங்கிவிடும். கடைசியில் களிமண்ணைக் கொண்டோ, வினையூக்கியின் முன்னிலையில் ஹைட்ரஜனைக் கொண்டோ நிறத்தையும் நாற்றத்தையும் போக்குவார்கள். முற்காலத்தில் அடர் கந்தக அமிலமும் களிமண்ணும் கொண்டு சுத்தி செய்தார்கள். அம்முறையில் மிஞ்சிய அமிலச் சேற்றை எங்கே கொட்டுவது என்பதே பெருந்தொல்லையாயிற்று.

இனி இந்த வரிசையில் வேற்றுப் பொருள் ஒன்றை நுழைத்துப் பார்ப்போம். 1 லிட்டர் நீர் கொதித்து ஆவியானால் ஏறத்தாழ 1,700 லிட்டர் நீராவியாகும். சூடேறிய எண்ணெயின் அடியில் அகப்பட்ட நீர் ஒரே சமயத்தில் ஆவியாக நேர்ந்தால் எண்ணெய் பொங்கி வெளியே பாயும். ஆலைக்காரர்கள் அஞ்சுவது இதற்குத்தான். கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்காலின் கொதிநிலை 197° செல்சியஸ்; அது நீரோடு எளிதில் போய்விடாது. பெட்ரோலும் தின்னரும் சேர்ந்தால் தீ அபாயம் கூடும். புதிய எஞ்சின் எண்ணெய் பொதுவாக 200°-க்கு மேல் சூடேறினால்தான் அதன் ஆவி தீப்பற்றும். பெட்ரோல் கலந்த பீப்பாயின் வாயருகே ஒரு பீடி நெருப்பு போதும். குளோரின் அடங்கிய கரைப்பான்களோ காய்ச்சும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெளியிட்டு எஃகுக் குழாய்களை அரித்துவிடும். குளோரின் சேர்மங்களுள் சில செய்யும் கேடு ஆலையோடு நிற்பதுமில்லை. அதற்கு ஒரு முழு ஊரே சாட்சி.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகருக்குத் தென்மேற்கே, டைம்ஸ் பீச் என்றோர் ஊர் இருந்தது. 1925-இல் ஒரு செய்தித்தாள் தன் சந்தாவைப் பெருக்குவதற்காக ஆற்றங்கரையில் மனை பிரித்து விற்று உருவாக்கிய ஊர் அது. பிற்காலத்தில் ஏறத்தாழ 2,000 பேர் அங்கு வாழ்ந்தார்கள். தெருக்கள் மண் தெருக்கள். புழுதியை அடக்க 1970-களின் தொடக்கத்தில் ஓர் ஒப்பந்தக்காரரை அமர்த்தி, பயன்படுத்திய எண்ணெயைத் தெளித்தார்கள். அந்நாளில் இது வழக்கமான தொழிலே. அவர் பணிமனைகளில் பழைய எண்ணெயைச் சேகரித்துத் தம் தொட்டிகளில் வைத்திருந்து, தெருக்களுக்கும் குதிரைப் பயிற்சிக் களங்களுக்கும் தெளித்துக் கூலி பெற்று வந்தார்.

1971-இல் அவர் வேறொரு சரக்கையும் ஏற்றினார். வெரோனா என்னும் ஊரில் ஹெக்சாகுளோரோபீன் என்ற கிருமிநாசினியைத் தயாரித்த ஆலையொன்றின் வடிகலங்களில் மிஞ்சிய அடிக்கசடு அது. அதில் டையாக்சின் இருந்தது. கசடு, எண்ணெயிருந்த தொட்டிகளுக்குள் போயிற்று. அவ்வாண்டு மே மாதம் ஒரு குதிரைக் களத்தில் இக்கலவையைத் தெளித்தார்கள். சில நாள்களில் குருவிகள் செத்து விழுந்தன. பூனைகளும் நாய்களும் மாண்டன. பிறகு குதிரைகள், ஒன்றன்பின் ஒன்றாக அறுபதுக்கு மேல். அங்கு விளையாடிய குழந்தையும் நோயுற்றது. காரணம் டையாக்சின் என்று அறிய 1974 ஆயிற்று. டைம்ஸ் பீச் மண்ணைச் சோதித்தது 1982-இன் இறுதியில். அதே டிசம்பரில் மெரமெக் ஆற்று வெள்ளம் ஊரை மூழ்கடித்தது. 1983 பிப்ரவரியில் அமெரிக்க அரசு ஊர் முழுவதையும் விலைக்கு வாங்கிக்கொள்வதாக அறிவித்தது. 1985-இல் டைம்ஸ் பீச் ஊர் என்ற தகுதியையே இழந்தது. 1996, 97-ஆம் ஆண்டுகளில் நச்சு மண்ணைத் தோண்டி அங்கேயே உலை அமைத்து எரித்தார்கள். 1999 முதல் அவ்விடம் ஒரு பூங்காவாக இருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. அந்த வண்டிக்கு எண்ணெய் தந்த பணிமனைக்காரர்கள் எத்தனை ஒழுங்காக வடித்துக் கொடுத்திருந்தாலும் பயனில்லை. அடுத்த தொட்டியில் அது எதனோடு சேரும் என்பதை அறிய அவர்களுக்கு வழி ஏது? பின்னர் 1992-இல் அமெரிக்காவில் வந்த விதிகள், எண்ணெயில் ஹாலஜன்கள் பத்து லட்சத்தில் 1,000 பங்குக்கு மேல் இருந்தால் அதில் நச்சுக் கரைப்பான் கலந்திருப்பதாகவே முதலில் கொள்கின்றன. அப்படி இல்லை என்று மெய்ப்பிக்க வேண்டியது எண்ணெயை வைத்திருப்பவர் பொறுப்பு. கடுமையான விதிதான்; ஆனால் காரணமில்லாத கடுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் பக்கத்துக் கடைகளில் நிலை என்ன? கல்லூரிக்கு வரும் வழியில் உள்ள ஓர் இருசக்கர வாகனப் பணிமனையில் விசாரித்தேன்.

"அண்ணே, இந்தப் பேரல்ல என்னென்ன ஊத்துவீங்க?"

"எஞ்சின் ஆயில்தான் தம்பி. ஃபோர்க் ஆயில், பிரேக் ஆயில், எல்லாம் இதுலதான். சாமான் கழுவுன பெட்ரோலையும் வேற எங்க கொண்டு போய் ஊத்துறது?"

"வாங்க வர்றவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"அவங்க லிட்டர்தானே பாக்குறாங்க! சென்ட்ரிங் பலகைக்குப் பூசுறதுக்கு எது கலந்திருந்தா என்ன?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. லிட்டர் கணக்கில் காசு கிடைக்கும் வரையில் கலப்படத்தால் அவருக்கு நட்டமில்லை. தூய்மைக்குத் தனி விலை தருவாருமில்லை. ஃபோர்க் எண்ணெயும் பெரும்பாலும் பெட்ரோலிய எண்ணெயே. ஆதலால் எஞ்சின் எண்ணெயோடு சேர்வதில் குற்றமில்லை. ஆனால் பிரேக் எண்ணெய் கிளைக்கால் ஈத்தர்களாலானது. பெயரில்தான் அது எண்ணெய்.

பீப்பாயைப் பற்றிச் சில சொற்கள். சாதாரண இரும்புப் பீப்பாய் 210 லிட்டர் கொள்ளும். அதை வாய்வரை நிரப்பக் கூடாது. எண்ணெய் ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் ஏறத்தாழ 0.0007 பங்கு விரியும். காலையில் 200 லிட்டர் இருந்த பீப்பாய் சித்திரை வெயிலில் 25° கூடுதலாகச் சூடேறினால் எண்ணெய் மூன்றரை லிட்டர் பெருகும். அதற்கு இடம் வேண்டும். மூடியை இறுக மூட வேண்டும் என்பதை எல்லோரும் அறிவர். அறியாதது, மூடிய பீப்பாயும் மூச்சு விடும் என்பது. மழையில் நிற்கும் பீப்பாயின் தலைப்பக்கத்தில் நீர் தேங்குகிறது. பகலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து சிறிது வெளியேறும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது தேங்கிய நீரை மூடியின் மரையிடுக்கு வழியே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகையால் பீப்பாய் கூரையின் கீழ் நிற்க வேண்டும். இடமில்லையேல் சற்றுச் சாய்த்து, மூடிகள் நீர் தேங்காத பக்கமாக இருக்கும்படி வைக்கலாம்.

தரை சிமெண்டுத் தரையாக இருப்பது நல்லது. சுற்றிலும் ஒரு சிறு வரம்பு கட்டி, பெரிய பீப்பாய் முழுவதும் ஒழுகினாலும் உள்ளே அடங்குமாறு, அதன் கொள்ளளவில் 110 விழுக்காடு இடம் விடுவது பொதுவான கணக்கு. சாக்கடை வாய் அருகில் இருக்கவே கூடாது. ஒருமுறை மாற்றும் எஞ்சின் எண்ணெய் 10 லட்சம் காலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர், நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்று முன்னர்க் கூறிய அமெரிக்க முகமையே எச்சரிக்கிறது. பீப்பாயின்மேல் உள்ளிருப்பது இன்னதென்று எழுதி ஒட்டுவது சட்டப்படி கட்டாயம். காலிப் பீப்பாய்க்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. உள்ளே ஒட்டியுள்ள எண்ணெயின் ஆவியும் காற்றும் சேர்ந்து வெடிக்கக்கூடிய கலவையாகும். குப்பைத்தொட்டி செய்யலாமென்று அப்படியே வெல்டிங் கடைக்குக் கொண்டுபோவது உயிரோடு விளையாடுவதாகும்.

2016 விதிகள் கழிவைப் பொதுவாக 90 நாள்களுக்கு மேல் வைத்திருக்க விடுவதில்லை. குறைவாகக் கழிவு உண்டாக்குவோருக்கு 180 நாள் வரை நீட்டிக்க மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. நாளொன்றுக்கு ஐந்து வண்டிகள், வண்டிக்கு 1 லிட்டர் என்று கொண்டால் 40 நாளில் ஒரு பீப்பாய் நிறையும். எனவே காலவரம்பு ஒரு சிறு கடைக்குக்கூடப் பெரிய இடைஞ்சல் அன்று.

இடைஞ்சல் ஏற்றிச் செல்வதில் இருக்கிறது. நிறைந்த பீப்பாய், எண்ணெயும் இரும்புமாக 200 கிலோவை நெருங்கும். அதை நிமிர்த்தியே வைத்து, மூடி மேலிருக்க, கயிற்றாலோ சங்கிலியாலோ இறுகக் கட்ட வேண்டும். வண்டியில் ஒரு வாளி மணல் வேண்டும். விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியவற்றைக் கூறும் தாள் ஓட்டுநரிடம் இருக்க வேண்டும். அது அவர் படிக்கக்கூடிய மொழியில் இருந்தால்தான் பயன். டாங்கர் லாரியானால், அதற்கு முன்பு அதில் என்ன சரக்கு வந்தது என்று கேட்பது முதல் கேள்வியாக இருக்கட்டும். டைம்ஸ் பீச்சில் கேட்கப்படாத கேள்வி அதுவே.

சரக்கோடு ஏழு வண்ணப் படிகள் கொண்ட ஒரு சீட்டும் போகிறது. வெள்ளைப் படியை அனுப்புவோர் வாரியத்துக்கு அனுப்புவார். மஞ்சள் அவரிடமே தங்கும். இளஞ்சிவப்பு பெறுவோருக்கு, ஆரஞ்சு வண்டிக்காரருக்கு. பச்சையைப் பெறுவோர் வாரியத்துக்கும் நீலத்தை அனுப்பியவருக்கும் அனுப்ப வேண்டும். சாம்பல் நிறப் படி, சரக்கு வேறு மாநிலத்திலிருந்து வந்திருந்தால் அம்மாநில வாரியத்துக்கு. நீலப்படி திரும்பி வந்தால்தான் தன் எண்ணெய் சேரவேண்டிய இடம் சேர்ந்தது என்று அனுப்பியவர் அறிவார். மிக நேர்த்தியான ஏற்பாடு. ஆனால் மொபெட்டில் இரண்டு கேன்களோடு வந்து எண்ணெய் வாங்கிப்போகும் மனிதரை நினைத்து இது வகுக்கப்படவில்லை. 2023-இல் செய்த திருத்தம் 2024 ஏப்ரல் 1 முதல் மசகு எண்ணெய் தயாரிப்போர், இறக்குமதி செய்வோர்மீதே மறுசுழற்சிப் பொறுப்பைச் சுமத்துகிறது. சேகரிக்கும் முகவர்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும். இதனால் தூய எண்ணெய்க்கு நல்ல விலை கீழே கடைவரை வந்து சேருமானால் நிலைமை மாறலாம்.

ஏற்றுமுன் செய்யக்கூடிய இரு எளிய சோதனைகள் நம் ஆய்வுக்கூடத்திலேயே உண்டு. சூடான தகட்டில் ஒரு சொட்டு எண்ணெயை விட்டால், நீர் இருப்பின் படபடவென்று வெடிக்கும். மற்றொன்று 1872-இல் பைல்ஸ்டைன் கண்ட சோதனை. செம்புக் கம்பியைச் சுடரில் நிறம் வராத வரையில் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து மீண்டும் சுடரில் காட்டினால், ஹாலஜன் இருப்பின் சுடர் பச்சையாகும். புகையை உறிஞ்சும் அறையில்தான் இதைச் செய்ய வேண்டும். பச்சை கண்டவுடன் குற்றம் சாட்டவும் கூடாது. சில எண்ணெய்களின் கூட்டுப் பொருளிலேயே குளோரின் உண்டு. மேலும் ஆராய வேண்டும் என்பதற்கு அது அறிகுறி, அவ்வளவே.

அந்தப் பணிமனை எண்ணெயில் ஒரு குப்பி கொண்டுவந்து ஆசிரியர் முன்னிலையில் இரண்டையும் செய்து பார்த்தேன். பச்சை தோன்றவில்லை. தகட்டில் மட்டும் பலமாகப் படபடத்தது. போய்ச் சொன்னேன். பீப்பாய் இப்போது கூரைக்குள் வந்திருக்கிறது. சாமான் கழுவிய பெட்ரோலுக்கென்று தனியாக ஒரு கேனும் வைத்திருக்கிறார். அழுக்கு அடியில் தங்கியபின் மேலே தெளிந்ததை மறுநாள் கழுவ எடுத்துக்கொள்வதில் அவருக்கு லாபமும் உண்டு. பிரேக் எண்ணெய்க்குத்தான் இன்னும் ஓர் இடம் கிடைக்கவில்லை.