எரித்தாலும் புகைதானே?

கேள்வி: எங்கள் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளில் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுத்து எரிக்கிறார்கள். எரித்தால் கார்பன் டை ஆக்சைடுதானே வரும்? இதில் சுற்றுச்சூழலுக்கு என்ன லாபம்?
– வாசகர், ஆத்தூர்.

பதில்: வருவது உண்மைதான். ஆனால் அந்தக் கார்பன், மரவள்ளிச் செடி சில மாதங்களுக்கு முன் காற்றிலிருந்து இழுத்துக்கொண்டது. வந்த இடத்துக்கே திரும்புகிறது. டீசலும் நிலக்கரியும் அப்படியல்ல. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்ததைக் காற்றில் புதிதாகச் சேர்க்கின்றன.

பெரிய லாபம் மீத்தேனில் இருக்கிறது. கிழங்கை அரைத்து மாவைப் பிரித்தபின் மிஞ்சும் நீரைக் குட்டையில் தேக்கினால் புளித்து நாறும். காற்று எட்டாத அடிப்பகுதியிலிருந்து மீத்தேன் குமிழ்விடும். நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கார்பன் டை ஆக்சைடைவிட 25 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. குட்டையைத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பால் மூடி அதைப் பிடித்தால், மாவு உலர்த்தவும் ஜெனரேட்டர் ஓட்டவும் ஆகும். ஆலைக்காரர்களை இதில் இறக்கியது பூமிப்பற்றைவிட எரிபொருள் செலவுதான் என்பேன். இருக்கட்டுமே!

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். விரிப்பில் கிழிசலோ குழாயில் கசிவோ இருந்தால் லாபமெல்லாம் போச்சு. மிஞ்சும் வாயுவையும் சும்மா திறந்துவிடக் கூடாது, கொளுத்திவிட வேண்டும்.