மும்பையில் எங்கே ரூம் போடுவது?

கேள்வி: வரும் ஜனவரியில் அப்பா, அம்மா, கணவர், ஒன்பது வயது மகளோடு மும்பை போகிறேன். சென்னையிலிருந்து ரயிலில் போய் ஞாயிற்றுக்கிழமை சி.எஸ்.எம்.டி.யில் இறங்குகிறோம், வியாழக்கிழமை திரும்புகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏறுவது சிரமம். அப்பாவுக்கு எலிஃபண்டா குகையையும் சித்தி விநாயகர் கோயிலையும் பார்த்தே ஆகவேண்டும். மகளுக்குக் கடல் தெரிகிற அறை வேண்டுமாம். இரண்டு அறைக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 8,000 ரூபாய் வரை கொடுக்கலாம். மரைன் டிரைவ் ஓட்டல்கள் அந்தத் தொகைக்குள் வரவில்லை. வாஷியில் பெரிய, புது அறைகளே கிடைக்கின்றன. அங்கேயே எடுத்துவிடலாமா?
– ஒரு வாசகி, காஞ்சிபுரம்

பதில்: வாஷி வேண்டாம், சகோதரி. அறை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது தானே கழிமுகத்துக்கு அந்தப் பக்கம், நவி மும்பையில் இருக்கிறது. நீங்கள் பார்க்க நினைக்கும் இடங்களுக்கு வர ஹார்பர் லைன் லோக்கலில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். திரும்பவும் அதே தூரம். நான்கு நாளும் அம்மா ரயில்வே மேம்பாலப் படிகளை ஏறி இறங்க வேண்டிவரும். அறையில் மிச்சம் பிடிக்கும் பணம் டாக்ஸியில் போய்விடும். முழங்கால் வலி மட்டும் மிஞ்சும்.

மும்பையைப் பொறுத்தவரை முதலில் பேட்டையை முடிவு செய்யுங்கள், ஓட்டலைப் பிறகு பார்க்கலாம். தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும் ஊர் அது. அலுவலகங்கள் வெகுகாலமாகத் தென்முனையில் குவிந்திருப்பதால் காலையில் கூட்டம் தெற்கே பாயும், மாலையில் வடக்கே திரும்பும். தெற்கில் தங்கினால் நீங்கள் எப்போதும் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போவீர்கள். சர்ச்கேட்டிலும் சி.எஸ்.எம்.டி.யிலும் லோக்கல் ரயில் புறப்படுவதால் உட்கார இடமும் கிடைக்கும்.

அந்தேரியில் விமான நிலையத்தை ஒட்டி நிறைய அறைகள் உண்டு. விடிகாலை விமானம் பிடிப்பவர்களுக்கு அது சரி, உங்களுக்கு ஆகாது. தாதர், மாட்டுங்கா நடுவில் இருக்கின்றன. சித்தி விநாயகர் பக்கம், நம் சாப்பாடும் கிடைக்கும், மாட்டுங்காவில் தமிழும் காதில் விழும். எலிஃபண்டா மட்டும் இல்லையென்றால் அங்கேதான் தங்கச் சொல்லியிருப்பேன். மழைக்காலமென்றால் அதையும் யோசித்துத்தான் சொல்வேன். ஜூலையில் பெருமழையும் கடல் ஏற்றமும் ஒன்றாக வந்தால் தண்ணீர் வடிய வழியில்லாமல் தாதர் பக்கத்து ஹிந்த்மாதாவும் கிங்ஸ் சர்க்கிளும் முழங்கால் ஆழத்தில் நிற்கும். ஜனவரியில் அந்தக் கவலை இல்லை.

உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது ஃபோர்ட் பகுதி. சி.எஸ்.எம்.டி.க்கும் கேட்வே ஆஃப் இந்தியாவுக்கும் இடைப்பட்ட தெருக்கள். ரயிலில் இறங்கிச் சிறு டாக்ஸிப் பயணத்தில் அறைக்குப் போய்விடலாம். தென் மும்பைக்குள் ஆட்டோவுக்கு அனுமதி இல்லை என்பதால் டாக்ஸிதான். டிரைவரிடம் ஸ்டேஷனை ‘வி.டி.’ என்று பழைய பெயரில் சொன்னாலும் புரியும்.

அம்மாவுக்காகவே இந்த இடத்தைச் சொல்கிறேன். எலிஃபண்டாவுக்கு கேட்வேயிலிருந்து படகில் சுமார் ஒரு மணி நேரம். தீவில் படித்துறையிலிருந்து அடிவாரம் வரை சிறு ரயில் உண்டு. அதன்பிறகு நூற்றுக்கு மேற்பட்ட படிகள். ஏற முடியாதவர்களை டோலியில் தூக்கிப் போவார்கள். அம்மா அதற்குத் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். அறை பக்கத்திலேயே இருந்தால் அவர் படுத்து ஓய்வெடுக்கட்டும். குகைக்குள் 20 அடி உயரத்துக்கு நிற்கும் மும்முகச் சிவனை அப்பா நிதானமாகப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பலாம். வாஷியில் தங்கியிருந்தால் அம்மாவால் இப்படி நடுவில் ஒதுங்கி ஓய்வெடுக்க முடியாது.

ஃபோர்ட்டில் ஒரு சிக்கல் உண்டு. சிறு ஓட்டல்கள் பல, பழைய கட்டடங்களின் ஏதாவது ஒரு மாடியில் மட்டும் இயங்குகின்றன. ஒருமுறை என் மாமியாரோடு அப்படி ஓரிடத்துக்குப் போனேன். ‘லிஃப்ட் உண்டு’ என்று போட்டிருந்தார்கள், உண்டுதான். ஆனால் தேய்ந்துபோன பன்னிரண்டு மரப்படிகள் ஏறிய பிறகே அந்தக் கம்பிக் கதவு லிஃப்ட் வந்தது. ஏழாவது படியில் அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து போனில் கேட்காமல் நான் எங்கும் பணம் கட்டுவதில்லை.

நீங்களும் பணம் கட்டுமுன் இவற்றைக் கேளுங்கள்:

லிஃப்ட் தெருமட்டத்திலிருந்தே கிளம்புகிறதா? வாசலில் எத்தனை படி?

அறையில் ஜன்னல் உண்டா? திறந்தால் தெரு தெரியுமா, சுவர் தெரியுமா? ஜன்னலே இல்லாத அறைகளும் அங்கே வாடகைக்கு விடப்படுகின்றன.

வெஸ்டர்ன் டாய்லெட்டா? வெந்நீர் நாள் முழுக்க வருமா, காலையில் மட்டுமா?

செக்-அவுட் பகல் 12 மணிக்கா, 24 மணி நேரக் கணக்கா? ரயில் வரும் நேரத்தைச் சொல்லி, அப்போதே அறை கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

சொன்ன வாடகையில் வரி சேர்ந்திருக்கிறதா? 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18.

கிழமைகளையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு ஓய்வு, அன்று பராமரிப்புக்காக லோக்கல் ரயில்களைப் பல இடங்களில் நிறுத்துவார்கள். எலிஃபண்டா குகைக்குத் திங்கள் விடுமுறை, ஆகவே செவ்வாய் போங்கள். சித்தி விநாயகருக்குச் செவ்வாய் கூட்டம் அலைமோதும், ஆகவே புதன். 2025 அக்டோபரில் முழுதாகத் திறந்த மூன்றாவது மெட்ரோ, சி.எஸ்.எம்.டி.யிலிருந்து கோயில் பெயரிலேயே உள்ள ஸ்டேஷனுக்குப் போகிறது. லிஃப்ட், எஸ்கலேட்டர் இருப்பதால் அம்மாவுக்கு லோக்கலைவிட இதுவே நல்லது. தரிசனம் முடித்து டாக்ஸியில் மாட்டுங்கா போய்விடுங்கள். 1942-இலிருந்து வாழையிலைச் சாப்பாடு போடும் ராமா நாயக் உடுப்பி ஓட்டல் அங்கே ஸ்டேஷன் அருகில்தான், ஆனால் முதல் மாடி. அம்மாவால் முடியாதென்றால் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் தரைத்தளத்திலேயே இட்லியும் காபியும் கிடைக்கும்.

மகளின் கடலுக்கு வருவோம். திங்கள் மாலை ஐந்தரைக்கு எல்லோரும் மரைன் டிரைவ் போங்கள். மூன்றரை கிலோமீட்டருக்கு அந்தக் கரைச்சுவர் வளைந்து போகிறது. உட்கார டிக்கெட் இல்லை. ஜனவரிக் காற்று இதமாக இருக்கும், கண்ணெதிரே சூரியன் கடலில் இறங்கும். இருட்டியதும் வளைவு முழுக்க விளக்கு எரியும். ஜன்னல் வழியே மகள் தனியாகப் பார்த்திருக்கக்கூடிய கடலைப் பாட்டியின் மடியில் சாய்ந்துகொண்டு பார்க்கட்டும். அங்கிருந்து அறைக்குப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் போய்விடலாம் என்பதால், அம்மாவும் ‘போகலாமா’ என்று அவசரப்படுத்த மாட்டார்.