கால் என்றால் எந்தக் கால்?

ஒத்த ஆங்கிலச் சொற்களின் வேறுபாட்டைச் சொல்லித்தரும் புத்தகங்கள் ‘பாரோ’, ‘லெண்ட்’ சோடியை விடுவதே இல்லை. தமிழருக்கு அந்தப் பாடம் பெரிதாகத் தேவைப்படாது என்றே நினைக்கிறேன். கடன் வாங்குவதும் கொடுப்பதும் நமக்கு எப்போதுமே வேறு வேறு. சிங்கப்பூரில் பேனா இரவல் கேட்பவர் ‘பாரோ மீ’ என்றால் அந்த வழக்கு தமிழர் கூடும் தேக்காவில் பிறந்ததாக இருக்க முடியாது. மலாய்ப் பேச்சில் ‘பிஞ்சாம்’ இரண்டுக்கும் ஓடும். மாண்டரினில் ‘ஜியெ’ என்ற ஒரே வினை இரண்டு வேலையையும் பார்க்கும். நான்கு மொழிக்காரர்கள் ஒரே மேசையில் கோப்பி குடிக்கும் ஊரில் அது நம் பிள்ளைகளுக்கும் தொற்றிக்கொள்கிறது. ஆக, எந்த ஆங்கிலச் சொற்கள் ஒருவரைக் குழப்பும் என்பது அவருடைய தாய்மொழியைப் பொறுத்தது. பொதுப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, தமிழில் ஒன்றாக இருந்து ஆங்கிலத்தில் பிரிந்துபோகும் சொற்களை நாமே தேடி எழுதிவைப்பது மேல்.

தேடத் தொடங்கினால் முதலில் அகப்படுவது உடம்பு. நம் பேச்சில் தொடையிலிருந்து கட்டைவிரல் நுனிவரை எல்லாம் கால். ஆங்கிலத்தில் கணுக்காலுக்கு மேலே ‘லெக்’, கீழே ‘ஃபுட்’. தோளிலிருந்து மணிக்கட்டுவரை ‘ஆர்ம்’, அதற்கப்பால் ‘ஹேண்ட்’. நமக்கு இரண்டுமே கைதான். விரல் நமக்குக் கையிலும் உண்டு, காலிலும் உண்டு; ஆங்கிலத்தில் காலில் இருப்பது ‘டோ’. இடுப்பு இன்னும் சிக்கல். பெல்ட் கட்டும் இடமும் இடுப்பு, சிமெண்டு மூட்டை தூக்கிப் பிடித்துக்கொண்ட அடிமுதுகும் இடுப்பு. அதை ‘ஹிப்’ என்று சொல்லிவிட்டால் கேட்பவர் மனம் தொடை மூட்டுக்குப் போகும். சொல்ல வேண்டியது ‘லோயர் பேக்’. எல்லாவற்றிலும் ஆபத்தானது மயக்கம். தலை சுற்றினாலும் மயக்கம், நினைவு தப்பி விழுந்தாலும் மயக்கம். முன்னதற்குச் சிங்கப்பூரில் புழங்கும் சொல் ‘கிடி’, பின்னதற்கு ‘ஃபெயிண்ட்’. ‘ஃபெயிண்ட்’ என்று சொன்னால் எவ்வளவு நேரம் நினைவில்லை, விழும்போது தலையில் அடிபட்டதா, நெஞ்சு படபடத்ததா என்று மருத்துவரின் கேள்விகளே வேறு திசையில் போகும்.

வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டினால் போயிற்று, எக்ஸ்ரேக்கு மொழி வேண்டுமா என்று கேட்கலாம். மருத்துவர் அறைக்குள் இது சரிதான். ஆனால் அந்த அறையை விட்டு வெளியே போவது காகிதம். 2020 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள 2019ஆம் ஆண்டு வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்படி, காயமடைந்தவருக்கு மருத்துவ விடுப்புச் சம்பளம், மருத்துவச் செலவு, நிரந்தர இயலாமை இருந்தால் அதன் விழுக்காட்டுக்கேற்ற ஒரு தொகை ஆகியவை உண்டு. விபத்து பற்றிய முதல் தகவலோ பல வேளைகளில் தொலைபேசியில் சொல்லி, மேற்பார்வையாளர் ஆங்கிலத்தில் எழுதுவது. தொலைபேசியில் விரலால் காட்ட முடியாது. முதல் தாளில் ஒன்றும் மருத்துவர் தாளில் வேறொன்றும் இருந்தால், மறுக்க நினைப்பவருக்கு ஒரு பிடி கிடைத்துவிடும். லிட்டில் இந்தியாவில் 2008 முதல் நடந்துவரும் கஃப் ரோடு திட்டம், வேலை செய்ய முடியாமல் இழப்பீட்டுக்கோ சம்பளப் பாக்கிக்கோ காத்திருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு இலவசச் சாப்பாடு போடுகிறது. அவர்களை உட்காரவைத்தது சொற்பிழை என்று நான் சொல்லவில்லை, காரணங்கள் பல. நம் கையில் இருக்கும் ஒரு காரணத்தையாவது குறைக்கலாமே என்பதுதான் வாதம்.

இதையெல்லாம் வைத்துத் தமிழில் நுட்பம் போதாது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். ‘லீவு’ என்ற சொல்லைப் பாருங்கள். அதுவே ஆங்கிலச் சொல். நம் வாய்க்கு வந்ததும் நான்கு பொருளை விழுங்கிவிட்டது. தமிழில் ஓய்வுநாள், பொது விடுமுறை, விடுப்பு என்று தனித்தனியாகவே இருக்கின்றன. சிங்கப்பூரின் தொழிலாளர் சட்டமும் அப்படித்தான் பிரிக்கிறது. வாரத்தில் ஒரு நாள் ‘ரெஸ்ட் டே’. ஆண்டில் 11 நாள் சம்பளத்தோடு ‘பப்ளிக் ஹாலிடே’. ‘ஆன்னுவல் லீவ்’ முதலாண்டில் 7 நாள். ‘ஆஃப்’ என்பது ஐந்து நாள் வாரத்தின் சனிக்கிழமை போன்ற வேலையற்ற நாள். அடிப்படைச் சம்பளம் மாதம் 4,500 வெள்ளிவரை பெறும் உடலுழைப்புத் தொழிலாளரை முதலாளி ‘ரெஸ்ட் டே’யில் கூப்பிட்டு, வழக்கமான வேலைநேரத்தில் பாதிக்கு மேல் வேலை வாங்கினால் இரண்டு நாள் சம்பளம் தர வேண்டும். தொழிலாளியே கேட்டு வந்திருந்தால் ஒரு நாள் சம்பளம்தான். ‘ஆஃப்’ நாளுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. “லீவு நாளில் வேலை பார்த்தேன்” என்று புகார் சொல்பவர் தன் தரப்பைத் தானே பாதி மறைத்துவிடுகிறார்.

இப்படிப் பேசினால் ‘நல்ல ஆங்கிலம் பேசுவோம்’ இயக்கத்தின் ஆள் என்று என்னைச் சொல்லக்கூடும். 2000இல் தொடங்கிய அந்த இயக்கத்துக்கும் எனக்கும் இதில் சம்பந்தமில்லை. கோப்பிக் கடையில் சிங்லிஷ் போதும். அங்கே தவறாகப் புரிந்தால் ‘கோப்பி ஓ’ கேட்டவருக்குப் பால் கோப்பி வரும், குடித்துவிட்டுப் போகலாம். எழுதிவைக்கும் இடத்துக்குத்தான் வேறு முறை வேண்டும். முதலில் தமிழிலேயே நுணுக்கமாகச் சொல்லிப் பழகுவது நல்லது: கால் என்று நிறுத்தாமல் கணுக்காலுக்குக் கீழே, வலது பாதம், மேல்பக்கம் என்று. பிறகு ஆங்கிலச் சொல் தானே அகப்படும். குறிப்பேட்டில் இடப்பக்கம் தமிழ்ச் சொல் ஒன்று, வலப்பக்கம் அது பிரியும் ஆங்கிலச் சொற்கள். ‘கேள்’ எதிரே ‘ஆஸ்க்’, ‘ஹியர்’, ‘லிசன்’. ‘படி’ எதிரே ‘ரீட்’, ‘ஸ்டடி’. ‘பாதுகாப்பு’ எதிரே ‘சேஃப்டி’, ‘செக்யூரிட்டி’. இந்தக் கடைசிச் சோடியைக் கட்டுமானத் தளத்தில் வேலை பார்ப்பவர் முதல் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளலாம். சாரம் ஆடுகிறது என்று ‘செக்யூரிட்டி ஆபீசர்’ வேண்டும் எனக் கேட்டால், வாசலில் வருகைப் புத்தகம் வைத்திருப்பவர்தான் எழுந்து வருவார்.