பல் சிகிச்சைக்குத் தணிப்பு மயக்கமா, முழு மயக்கமா?

பல் மருத்துவர் எங்கள் மயக்கவியல் பிரிவுக்கு அனுப்பும் குடும்பத்தினர் பெரும்பாலும் ஒரே கேள்வியுடன் வருகின்றனர். "பல்லுக்குப் போய் முழு மயக்கமா? லேசாகத் தூங்க வைத்தால் போதாதா, டாக்டர்?" கேள்வி நியாயமானதே. ஆயினும், லேசான மயக்கம் என்றால் குறைந்த ஆபத்து, முழு மயக்கம் என்றால் பெரிய ஆபத்து என்னும் கணக்கு அதனுள் மறைந்திருக்கிறது. அந்தக் கணக்கு பல நேரங்களில் சரிவருவதில்லை.

'செடேஷன்' என்று நாங்கள் கூறும் தணிப்பு மயக்கத்துக்கும் முழு மயக்கத்துக்கும் இடையே சுவர் எதுவும் கிடையாது. இரண்டும் ஒரே சரிவில் உள்ள இரு இடங்கள். முதற்படியில் நோயாளி விழித்திருப்பார். அச்சம் மட்டும் குறைந்திருக்கும். அடுத்த படியில் கண் சொருகினாலும், பெயர் சொல்லி அழைத்தால் பதில் தருவார். தானே மூச்சு விடுவார். அதற்கும் கீழே இறங்கினால் வலி தந்தால் மட்டுமே அசைவார். மூச்சுப் பாதை அடைபடத் தொடங்கலாம். இறுதிப் படி முழு மயக்கம். அங்கே வலிக்கும் அசைவு இராது. மூச்சை நாங்கள் பொறுப்பேற்றுக்கொள்கிறோம். ஒரே மருந்து, அளவையும் ஆளையும் பொறுத்து, இந்தப் படிகளில் எதற்கும் கொண்டுசெல்லக்கூடும். இரண்டாம் படியில் நிறுத்த எண்ணிய குழந்தை மூன்றாம் படிக்குச் சறுக்கிவிடுவதே தணிப்பு மயக்கத்தின் உண்மையான ஆபத்து.

மற்றோர் உண்மையையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தணிப்பு மருந்துகளுள் பெரும்பாலானவை அச்சத்தைத்தான் குறைக்கின்றன, வலியை நீக்குவதில்லை. ஈறு மரத்துப்போகும் ஊசி அப்போதும் தேவை. முகமூடி வழியே தரப்படும் நைட்ரஸ் ஆக்ஸைடு வாயு மிக இதமானது. நிறுத்தி ஆக்ஸிஜன் மட்டும் கொடுத்தால் சில நிமிடங்களில் தெளிவு திரும்பிவிடும். ஆனால் அதை மூக்கால் இழுக்க வேண்டும். வாய் திறந்து அழும் குழந்தைக்கும், சளியால் மூக்கடைத்த குழந்தைக்கும் அது பயன்படாது. வாய்வழி தரப்படும் மிடசோலம் திரவத்திலும் ஒரு சிக்கல் உண்டு. பாதியைத் துப்பிவிட்டால் உள்ளே சென்றது எவ்வளவு என்று யாராலும் கூற முடியாது. இன்னொரு முறை கொடுத்து ஈடுகட்டுவதும் கூடாது. சில குழந்தைகள் அம்மருந்தில் தூங்குவதற்கு மாறாக எரிச்சலுற்று முரண்டு பிடிப்பார்கள்.

மயக்கவியல் என்னும் துறையே பல் நாற்காலியில் பிறந்ததுதான். 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர், நைட்ரஸ் ஆக்ஸைடை முகர்ந்துவிட்டுத் தம் பல்லையே பிடுங்கச் செய்தார். 1846 அக்டோபரில் பாஸ்டனில் ஈதர் மயக்கத்தை உலகறியச் செய்த வில்லியம் மார்ட்டனும் பல் மருத்துவரே. அதன்பின் நெடுங்காலம் பல மேலைநாடுகளில் பல் மருத்துவமனைகளிலேயே முழு மயக்கம் கொடுக்கும் வழக்கம் இருந்தது; அங்கே உயிரிழப்புகளும் நேர்ந்தன. பிரிட்டன் 2001-ஆம் ஆண்டு இறுதியோடு அவ்வழக்கத்தை நிறுத்தி, பல்லுக்கான முழு மயக்கம் தீவிர சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையில் மட்டுமே தரப்பட வேண்டும் என்று வரையறுத்தது. நாங்களும் அவ்வாறே கருதுகிறோம்.

வாய் அறுவை செய்யும் இடம். மூச்சு செல்லும் வழியும் அதுவே. பல் மருத்துவரும் நானும் ஒரே சிறு இடத்தைப் பங்கிட்டுக்கொள்கிறோம். பல் துளைக்கும் கருவியிலிருந்து நீர் பீய்ச்சுகிறது, இரத்தம் கசிகிறது, பல் துணுக்கு தெறிக்கிறது. விழிப்புள்ளவர் இருமித் துப்பிவிடுவார். முழு மயக்கத்தில் மூக்கின் வழியாக மூச்சுக்குழலுக்குள் குழாய் செலுத்தித் தொண்டையில் துணித்திரி வைத்துவிடுவதால், நுரையீரலுக்குள் எதுவும் இறங்காது. ஆழ்ந்த தணிப்பில் இருப்பவருக்கோ இருமும் ஆற்றலும் இல்லை, குழாயும் இல்லை. எனவே 'இன்னும் கொஞ்சம் மருந்து கொடுத்து முடித்துவிடலாம்' என்னும் நிலை வந்தால், முழு மயக்கத்தையே பாதுகாப்பானதாகக் கருதுகிறேன்.

உப்பிலியபுரம், சோபனபுரம், கொப்பம்பட்டி பகுதிகளிலிருந்து வரும் குழந்தைகளிடம் நாங்கள் அடிக்கடி காண்பது, இரவில் சர்க்கரை கலந்த பால்புட்டியோடு உறங்கிப் பழகியதால் மேல் முன்பற்களும் கடைவாய்ப் பற்களும் ஒருசேரச் சொத்தையாகும் நிலை. நான்கு வயது, எட்டுப் பற்கள், சில வேர்ச்சிகிச்சைகள். இதைத் தணிப்பு மயக்கத்தில் செய்தால் நாலைந்து வருகைகள் ஆகும். முதல் வருகையிலேயே அஞ்சிய குழந்தை மூன்றாவது வருகைக்குள் பல் மருத்துவமனை வாசலையே கண்டு அலறும். இத்தகைய குழந்தைக்கு ஒரே முழு மயக்கத்தில் எல்லாப் பற்களையும் முடிப்பது முறை. சொல்வதைப் புரிந்து ஒத்துழைக்கும் பத்து வயதுச் சிறுவனுக்கு ஒரு பல் எடுக்க நைட்ரஸ் ஆக்ஸைடும் மரத்துப்போகும் ஊசியுமே மிகுதி. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு வயது எதுவாயினும் முழு மயக்கம் தேவைப்படலாம்.

"மூளை வளர்ச்சி பாதிக்குமா?" என்று தாய்மார் கேட்கின்றனர். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016-இல் விடுத்த எச்சரிக்கை, 3 வயதுக்குட்பட்டோருக்கு 3 மணி நேரத்துக்கு மேற்பட்ட மயக்கம் அல்லது திரும்பத் திரும்பத் தரும் மயக்கம் பற்றியது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான முழு மயக்கம் பெற்ற கைக்குழந்தைகளை 5 வயது வரை தொடர்ந்து, 2019-இல் வெளியிடப்பட்ட பன்னாட்டு ஆய்வில் அறிவுத்திறனில் வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே ஒரே அமர்வில் முடியுங்கள், மறுமுறைக்கு இடம் வையாதீர்கள் என்று பல் மருத்துவரிடம் நாங்களே வற்புறுத்துகிறோம்.

பெரியவர்களில் எனக்குக் கவலை தருவது பாக்கு. பாக்கும் புகையிலையும் ஆண்டுக்கணக்கில் மென்றவர்களுக்குக் கன்னத்தின் உட்தசை நார்போல் இறுகி, வாய் திறப்பது மெல்ல மெல்லக் குறைகிறது. உங்கள் விரல்களில் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்திப் பற்களுக்கிடையே வைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இத்தகையவருக்குத் 'தூங்குவதற்கு ஓர் ஊசி' போட்டபின் மூச்சு நின்றால், வழக்கமான முறையில் குழாய் செலுத்த வாய் திறக்காது. நாங்கள் அவரை விழிப்பில் வைத்தே, கேமரா பொருத்திய வளையும் குழாயின் உதவியுடன் மூக்கு வழியாக மூச்சுப் பாதையைக் கைக்கொண்டு, அதன்பிறகே மயக்குவோம்.

குடும்ப வரலாறும் முக்கியம். உறவில் எவரேனும் அறுவைக்குப்பின் வெகுநேரம் கழித்தே மூச்சுவிடத் தொடங்கினாரா? தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் என்ற மருந்தைச் சிதைக்கும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே இல்லை. சில நிமிடங்களில் அகல வேண்டிய மருந்து அவர்களைப் பல மணி நேரம் அசையவிடாது. அதுவரை செயற்கைச் சுவாசம் கொடுத்தால் முழுதாக மீண்டுவிடுவர். இக்குறைபாட்டுக்குக் காரணமான மரபணு மாற்றம் ஒன்றைத் தென்னிந்தியாவின் வைசியச் சமூகத்தினரிடம் ஆய்வாளர்கள் கண்டறிந்து 2006-இல் வெளியிட்டனர். அக்காள் மகள், மாமன் மகள் திருமணங்கள் வழக்கிலுள்ள எந்தச் சமூகத்திலும் இப்படிப்பட்ட மரபுக் குறைகள் தலைகாட்டலாம். சாதியை அறிய நாங்கள் ஆவல்கொள்வதில்லை. உறவு முறையைக் கேட்பது இதற்காகவே.

பட்டினி விதியில்தான் எங்கள் பாதி நாட்கள் வீணாகின்றன. திட உணவும் மாட்டுப்பாலும் 6 மணி நேரத்துக்கு முன்பும், தாய்ப்பால் 4 மணி நேரத்துக்கு முன்பும், தெளிந்த நீர் 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தப்பட வேண்டும். எண்ணெய்ப் பலகாரமும் இறைச்சியும் 8 மணி நேரம். கஞ்சியும் பால் கலந்த தேநீரும் தெளிந்த நீர் ஆகா. விடியற்காலைப் பேருந்தில் அழும் பிள்ளைக்குப் பாட்டி அன்பாகக் கொடுக்கும் இரண்டு பிஸ்கட்டும் திட உணவே. கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். வேறு நாள் குறித்துத் தருவோம், கடிந்துகொள்ள மாட்டோம். தணிப்பு மயக்கத்துக்கும் உங்கள் மருத்துவர் இதே விதியைக் கூறுவார். சறுக்கினால் எங்கு போய் நிற்கும் என்பதைத்தான் மேலே கண்டோமே. சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் இரண்டு முதல் நான்கு வாரம் தள்ளிவைப்பது நல்லது. குறட்டை விடும் குழந்தை என்றால் தவறாமல் கூறுங்கள்.

எங்கு சிகிச்சை பெற்றாலும் மூன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மயக்க மருந்து கொடுப்பவர் யார்? பல்லைப் பார்ப்பவரைத் தவிர, மூச்சை மட்டுமே கவனிக்கத் தனியாக ஒருவர் இருப்பாரா? ஆக்ஸிஜன் அளவையும் வெளிவிடும் மூச்சுக்காற்றையும் காட்டும் கருவிகளும், மூச்சு நின்றால் கொடுக்க வேண்டியவையும் அதே அறையில் உள்ளனவா? இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவன்று.

வீடு திரும்புதலைப் பற்றி இன்னும் ஒன்று. மயக்கம் தெளிந்ததாகத் தோன்றும் குழந்தை வழியில் மீண்டும் கண்ணயரும். மோட்டார் சைக்கிளின் முன்புறம் அமர்த்தினால் தலை மார்பில் கவிழ்ந்து, மூச்சுப் பாதை மடிந்து அடைபடும். ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. துறையூர் சாலையில் அப்படிச் செல்வோரைக் கண்டு நான் பதைத்ததுண்டு. கார் அல்லது ஆட்டோவில், ஓட்டுநரைத் தவிர இன்னொரு பெரியவர் அருகில் அமர்ந்து, குழந்தையின் முகவாயை நிமிர்த்திப் பிடித்தவாறு செல்லுங்கள். உதடு மரத்திருக்கும் சில மணி நேரம் அதைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எழுப்பினால் விழிக்காவிட்டாலோ, மூச்சு இழுத்துவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்.